யார் யார் வருகிறோம்

ஏப்ரல் 6, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போன என் வீட்டுக்காரர், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே மகள் மதியின் பெயரைச் சொன்னார். நான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது இதுதான் முதல் தடவை.

பேச்சை ஆரம்பித்தது மகன் செல்வகணேஷ். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பேரன் மிதுனைக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும், திருச்செந்தூர் தாண்டிக் கடற்கரையை ஒட்டி வீடுகள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன, எல்லாருமாகப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றான். மருமகள் சுகன்யாவும் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்துதான், "மதிவதனியையும் வரச் சொல்லு, வடிவு. அவனையும்தான்" என்றார்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "இங்கயே வரச் சொல்லட்டுமாங்க?"

"இங்க வந்தா ஊரு பேசும். வெளியூர்ல வச்சுப் பாத்துக்கிடலாம்."

நியாயம்தானே. மதி அன்புராஜைக் கட்டிக்கொண்டு போன அன்று தெருவே எங்கள் வாசலில் நின்றது. அவன் பாலிடெக்னிக்கில் வாத்தியார், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் வேறு சாதி. அவன் எந்தத் தெருப் பையன் என்பதைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு இவருடைய தம்பி ராமசுப்பு நடுத்தெருவில் நின்று பேசிய பேச்சை நான் எழுதப் போவதில்லை.

சாயங்காலம் வத்தல் எடுக்க மாடிக்குப் போய் நன்றாக அழுதேன். சந்தோஷம்தான். மோர்மிளகாய் இன்னும் ஒரு வெயில் காய வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

இத்தனை நாளும் தையல்கடை பாக்கியத்தின் போனிலிருந்துதான் மதியிடம் பேசுவேன். இன்று எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசினேன். அவர் பேப்பர் படிக்கிற மாதிரி எதிரே இருந்தார்.

மதியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பாவா சொன்னாரு? அவரு வாயாலயா?"

"ஆமாட்டி. பக்கத்துலதான் இருக்காரு."

"குடும்மா."

நான் போனை நீட்டினேன். அவர் தலையை அசைத்து, "நேர்ல பேசிக்கிடலாம்னு சொல்லு" என்றார். கூச்சமாக இருக்கும். மகளிடம் என்னவென்று பேச்சை ஆரம்பிப்பார் பாவம்.

அன்புராஜிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாக மதி சொன்னாள். எல்லாவற்றுக்கும் அவனிடம் கேட்கத்தான் செய்கிறாள். அவனும் இவளைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்று வேறு சொல்கிறாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வீடு பார்த்தாயிற்று. போட்டோவில் இரண்டு வீடுகளை செல்வகணேஷ் காட்டினான். ஒன்று ஊருக்குள்ளேயே, மாதாகோவில் தெருவில். பக்கத்திலேயே பால் கிடைக்கும், கடை இருக்கிறது, ஒரு கிளினிக்கும் இருக்கிறது. மதியின் மகள் ஆதிரைக்கு மூன்று வயது. கடல்காற்று ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சல் வந்தால் ஓடுவதற்கு வசதி. எனக்கு அதுதான் பிடித்தது.

அவர் மற்ற வீட்டைச் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து விலகி, சவுக்குத்தோப்பு முடிகிற இடத்தில் தனியாக நிற்கிறது. முன்னால் கடல், பின்னால் தேரி மணல்மேடு, பனைமரம். போன் டவர் சரியாக எடுக்காதாம்.

"ஆளு நடமாட்டம் இல்லாம இருக்கட்டும். நிம்மதியா இருக்கும்" என்றார்.

ராமசுப்பு தானாகவே மோட்டார் சைக்கிளில் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாராம். மதியின் பெயரைக் கேட்டாலே எழுந்து போகிற மனிதர். எங்களுக்காக அந்த வெயிலில் அவ்வளவு தூரம் போயிருக்கிறார். காலம் போகப்போகக் கோபம் தணியத்தானே செய்யும். காப்பி கொடுக்கும்போது "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றேன். "எல்லாம் நல்லபடியா முடியட்டும் மதினி" என்றார்.

ஏப்ரல் 17, வியாழன்

ராஜபாளையத்தில் இருக்கும் கனகம் அக்காவையும் அத்தானையும் கூப்பிட்டிருந்தேன். அக்கா நீச்சல் உடை போடப்போகிறேன் என்று கேலி பேசி அத்தானைக் கலவரப்படுத்திக்கொண்டிருந்தாள். இன்று என் வீட்டுக்காரர், "முதல் தடவை நாம மட்டும் இருப்போம். வெளியாளு வேண்டாம்" என்றுவிட்டார்.

என் கூடப்பிறந்தவள் வெளியாளா என்று கேட்கவில்லை. அக்காவிடம் போனில் சொன்னபோது, "சரி விடுட்டி" என்று வைத்துவிட்டாள். அவள் அப்படிச் சட்டென்று வைக்கிறவள் இல்லை.

சிலிண்டர் வந்தது. கசிகிறது என்று திருப்பிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மதி சரியென்று சொல்லிவிட்டாள். மே பத்தாம் தேதி, சனிக்கிழமை. அன்புராஜுக்கும் அன்றிலிருந்துதான் லீவாம்.

"அவருக்கு இன்னும் மனசு ஒப்பல. நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்" என்றாள். "அப்பா கூப்பிட்டும் போகலைன்னா அப்புறம் காலத்துக்கும் நான்தான் குத்தவாளிம்மா."

ஆதிரை போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மாச்சி, கடலுக்குக் கதவு இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ராத்திரி எப்படி மூடுவாங்க?" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் அவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். என்ன சொன்னாள் என்று கேட்பார் என நினைத்துச் சொல்லத் தயாராக இருந்தேன். கேட்கவில்லை.

அவளுக்குப் பருப்புச் சாதமும் முட்டையும் பிடிக்கும். காரம் ஆகாது. போட்டோவில் பார்த்ததுதான், தூக்கியதில்லை.

ஏப்ரல் 26, சனி

ராமசுப்பு வந்திருந்தார். மதி எந்த வண்டியில் வருகிறாள், எட்டயபுரம் வழியாகவா கோவில்பட்டி வழியாகவா, எத்தனை மணிக்குத் தூத்துக்குடி தாண்டுவார்கள் என்று விசாரித்தார். டோல்கேட்டில் தெரிந்த பையன் இருக்கிறானாம். வண்டி நம்பரைச் சொன்னால் நிற்காமல் போகும்படி செய்துவிடுவானாம்.

மதிக்கு போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். நம்பரையும்தான். ராமசுப்பு அதைத் தன் போனில் போட்டுக்கொண்டார்.

நான் காப்பி டம்ளரை எடுக்கப் போனபோது அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "மதினி கூட இருந்தாத்தான் அவ வருவா" என்றார் ராமசுப்பு. உண்மைதான். தாய் இல்லாத இடத்துக்கு எந்தப் பெண் வருவாள்?

மே 1, வியாழன்

சுகன்யா அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம், மிதுனைக் கூட்டிக்கொண்டு. அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்கிறான் செல்வகணேஷ். அவனுக்கும் வரத் தோதுப்படாதாம். "கடையை யாரும்மா பாப்பாங்க?" என்றான். கடலுக்குப் போகலாம் என்று சொன்னதே அவன்தான். என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். மிதுன் போன வாரமே மிதவை டியூப் வாங்கி வைத்திருந்தான், அழுதுகொண்டே இருக்கிறான்.

சுகன்யா பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவுக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப முக்கி எடுத்தாள். பிறகு குனிந்தபடியே, "அத்தே, நீங்களும் வரலைன்னு சொல்லிருங்களேன்" என்றாள்.

"நான் எதுக்கு வரமாட்டேன்னு சொல்லணும்?"

"உங்களுக்கு மேலுக்கு முடியலைன்னு சொல்லுங்க. நீங்க போகலைன்னா அவங்களும் வரமாட்டாங்கல்ல."

எனக்குச் சுருக்கென்றது. நாத்தனார் திரும்பி வந்தால் வீட்டில் தன் இடம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறாள் போல. அப்படித்தான் இருக்கும். நான் உள்ளே வந்துவிட்டேன்.

மே 3, சனி

கடற்கரை வீட்டில் சமையல் செய்கிற லூர்து அக்கா போன் பண்ணினாள். சமையலுக்கு ஆள் வேண்டாம் என்று எங்கள் வீட்டிலிருந்து சொல்லிவிட்டார்களாம், வாட்ச்மேனையும் அந்த நாலு நாளும் லீவில் போகச் சொல்லிவிட்டார்களாம். "நாங்க ஏதும் தப்பு செஞ்சுட்டோமாம்மா?" என்று கேட்டாள். அதெல்லாம் இல்லை, நானே சமைத்துக்கொள்வேன் என்றேன். நல்ல நெத்திலி மட்டும் அன்றைக்குக் கொண்டுவந்து கொடுங்கள் என்றும் சொன்னேன்.

மே 5, திங்கள்

அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறார். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று பார்த்தேன், இருக்கிறது.

மகளைப் பார்க்கப் போகிற படபடப்பு.

மே 7, புதன்

ரவை வறுத்து டப்பாவில் போட்டேன். பருப்புப்பொடி அரைத்தேன். ஆதிரைக்கென்று காரமில்லாத முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அடுப்படிக்கு வருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"வடிவு, அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வரவேண்டாம்னு மதிகிட்டச் சொல்லு."

"எந்தப் பிள்ளையை?"

"சின்னப் பிள்ளையை. அவன் அம்மா வீட்டுல விட்டுட்டு வரட்டும். ரெண்டு பேரும் மட்டும் வரட்டும்."

"ஏங்க? அவளைப் பாக்கத்தானே..."

"சொன்னதைச் சொல்லு." குரல் உயரவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "பிள்ளை வேண்டாம்" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முறுக்கு கருகியது. நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்.

அக்கா வரவில்லை. மிதுன் வரவில்லை. சுகன்யா வரவில்லை. செல்வகணேஷ் வரவில்லை. சமையல்காரி இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. இப்போது ஆதிரையும் வேண்டாம்.

வண்டி நம்பரை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

மே 8, வியாழன்

ஜாக்கெட் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாக்கியத்தின் கடைக்குப் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் போனைக் கொடுத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"வராதே" என்றேன் மதியிடம்.

"என்னம்மா?"

"வராதேட்டி. யாரும் வராதீங்க."

"அப்பா மாறிட்டாரா? அவ்வளவுதானா? இல்ல, நீதான் பயப்படுறியா? எதுக்கும்மா கூப்பிட்டீங்க? நான் பிள்ளைகிட்டத் தாத்தா தாத்தான்னு சொல்லி வச்சிருக்கேன்."

பெற்ற தகப்பனைப் பற்றி மகளிடம் எந்த வார்த்தையால் சொல்வது? "வராதே" என்பதையே திரும்பச் சொன்னேன். அவள் கத்த ஆரம்பித்தாள். நான்கு வருடமாகப் பேசாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. அண்ணன் கல்யாணத்தில் எனக்கு எடுத்த பட்டைக்கூட நீ வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாய் என்றாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். பிறகு அன்புராஜ் போனை வாங்கினான்.

"அத்தை, எந்த ரோட்டுல வாரோம்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"வண்டி நம்பர்?"

"குடுத்துட்டேன்ப்பா."

அவன் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. "வீட்டுல வேற யாரெல்லாம் வாராங்க?" என்று கேட்டான். யாரும் இல்லை என்றேன். ஆதிரையை விட்டுவிட்டு வரச் சொன்னதையும் சொன்னேன். பின்னால் மதியின் குரல் நின்றுபோனது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான்.

"நாங்க இந்த வீட்டைக் காலி பண்ணணும் அத்தை. அட்ரஸ் அவங்களுக்குத் தெரியும். எங்க பிரின்சிபாலைக் கூட்டிட்டுப் போயி போலீஸ்ல எழுதிக் கொடுக்கணும். நீங்க இப்பவே பஸ் ஏறி இங்க வந்துருங்க."

"நான் கிளம்புனா அவங்களுக்குத் தெரிஞ்சுரும். அப்புறம் நீங்க வீடு மாத்துறதுக்குள்ள அங்க வந்து நிப்பாங்க. சனிக்கிழமை வரைக்கும் நீங்க வாரீங்கன்னே அவங்க நினைக்கட்டும்."

"அப்ப நீங்க?"

"நான் அவரோட கடலுக்குப் போறேன்."

மதி போனை வாங்கி, "அம்மா" என்றாள்.

திரும்பி வரும்போது ஜாக்கெட் வாங்க மறந்துவிட்டேன். பாக்கியம் பின்னாலேயே ஓடிவந்து கையில் கொடுத்தாள்.

மே 9, வெள்ளி

சாமான்கள் கட்டினேன். அரிசி, பருப்பு, தலையணை உறை, கொசுவத்தி. "பிள்ளையை அவங்க பாட்டிகிட்ட விட்டுட்டு வாராங்களாம்" என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். அவர் முகம் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது.

நேற்றிலிருந்து ஒன்றை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பிள்ளை வேண்டாம் என்பதை அவர் என்னிடம் ஏன் சொன்னார்? தம்பியை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். செல்வகணேஷை விட்டுச் சொல்லியிருக்கலாம். அடுப்படி வரைக்கும் வந்து என்னிடம் சொன்னால் எனக்கு விளங்கிவிடும் என்று அவருக்குத் தெரியாதா? முப்பத்திரண்டு வருடம் கூட இருந்த மனிதர். தம்பியைத் தடுக்க முடியாமல், நான் தடுக்கட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அப்படித்தான்.

மே 12, திங்கள் – ராஜபாளையம், அக்கா வீடு

சனிக்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

விடிந்ததும் கிளம்பி வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிட்டோம். நல்ல வீடு. வராந்தாவில் நின்றால் கடல் முழுசும் தெரிகிறது. தண்ணீர் அவ்வளவு பச்சையாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. படுக்கையறையில் உறை மாற்றினேன். மதிக்கென்று சொன்ன அறைக்கும் மாற்றினேன்.

வழியில் தூத்துக்குடியில் டீ குடிக்க நின்றபோது மதி அவருடைய போனுக்கே கூப்பிட்டாள். அன்புராஜ் சொல்லிக் கொடுத்திருப்பான். "கிளம்பிட்டோம்பா" என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. நான்கு வருடம் கழித்து அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு. அதுவும் பொய். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "பாத்து வாங்க" என்றார். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் ராமசுப்பு வந்தார். அவர் வருவதாக யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. சவுக்குத்தோப்புக்குள் ஒரு வெள்ளை வேனை விட்டுவிட்டு நடந்து வந்தார். கூட இரண்டு பேர். ஒருவன் சின்ன வயசு, செல்வகணேஷைவிடச் சின்னவன். யார் என்று கேட்டேன். "கடலு பாக்க வந்தாங்க மதினி. அவங்களுக்கும் சேத்து உலை வைங்க" என்றார்.

வைத்தேன். குழம்பு கொதிக்கும்போது அந்தச் சின்னவன் உள்ளே வந்து தண்ணீர் கேட்டான். சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, "நல்ல வாசமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியானமும் ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. மதுரை தாண்டியிருப்பார்கள், எட்டயபுரம் தாண்டியிருப்பார்கள் என்று ராமசுப்பு சொல்லிக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைப் போட்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. டவர் கிடைப்பதற்காக ராமசுப்பு மணல்மேட்டில் ஏறி ஏறி இறங்கினார். மதியின் போன் ஆப் ஆகியிருந்தது. அன்புராஜ் போனும் அப்படித்தான். டோல்கேட் பையனிடம் கேட்டதற்கு அப்படி ஒரு வண்டியே வரவில்லை என்றானாம்.

மணல்மேட்டிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"மதினி, நீங்க அவகிட்டப் பேசுனீங்களா?"

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

"பேசினேன்."

"என்ன பேசுனீங்க?"

"வரவேண்டாம்னு சொன்னேன். அவங்க இப்ப அந்த வீட்டுலயும் இல்ல. எங்க இருக்காங்கன்னு எனக்கே தெரியாது. போலீஸ்லயும் எழுதிக் கொடுத்தாச்சு."

அவர் வெங்காயத் தட்டை எட்டி உதைத்தார். "அண்ணே, கேட்டியா உன் பொண்டாட்டி பேச்சை?" என்று கத்தினார். நான் என் புருஷனைப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். எழுந்திருக்கவில்லை, திரும்பவில்லை. ராமசுப்பு என் முடியைப் பிடித்து எழுப்பியபோதும் அவர் திரும்பவில்லை.

அப்போதுதான் லூர்து அக்கா வந்தாள். நெத்திலி கொண்டுவரச் சொன்னதை நான் மறந்தேபோயிருந்தேன். கூட அவள் தங்கச்சியும் இன்னும் இரண்டு பெண்களும், தலையில் கூடையோடு கடலோரமாக நடந்து வந்தவர்கள் வராந்தாவுக்குக் கீழே நின்றார்கள். ராமசுப்பு கையை எடுத்துவிட்டார்.

"மதியம் சந்தைக்குப் போயிட்டோம்மா, நேரமாயிட்டு" என்றாள் லூர்து அக்கா. என் முடியைப் பார்த்தாள். கொட்டிக் கிடந்த வெங்காயத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நானும் உங்ககூட வாரேன்" என்றேன்.

"வாங்கம்மா" என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை.

செருப்பைத் தேடவில்லை. என் பைக்குள் கையை விட்டு மாத்திரை டப்பாவையும் இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். "போகட்டும் விடு" என்றார் ராமசுப்பு, தடுக்க வந்த ஒருவனிடம். நான்கு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் போனால் நாற்பது பேர் பார்ப்பார்கள்.

ஈரமணலில் நடக்கும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். அவர் இன்னும் ரோட்டைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்.

லூர்து அக்கா வீட்டிலிருந்து கனகம் அக்காவுக்கு போன் செய்தேன். அத்தான் கார் எடுத்துக்கொண்டு வந்தார். "வெளியாளு வந்திருக்கேன், ஏறுட்டி" என்றாள் அக்கா. காருக்குள் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மே 14, புதன்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். நாற்காலி போட்டு உட்காரவைத்து, நிதானமாகக் கேட்டார். ராமசுப்பு, அந்த இரண்டு பேர், வேன், வண்டி நம்பர் கேட்டது, எல்லாம் சொன்னேன்.

"உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமாம்மா?"

"தெரியாது" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் அன்புராஜ் பேசினான். பத்திரமாக இருக்கிறார்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். "மாமா பேரைச் சொல்லலியா அத்தை?" என்றான். அவர்தான் எனக்குச் சொல்லிக் காப்பாற்றினார் என்றேன். "சரிங்க அத்தை" என்றான். மதி என்னிடம் பேசவில்லை.

மே 19, திங்கள்

ராமசுப்புவைப் பிடித்திருக்கிறார்கள். அந்தச் சின்னவனையும். இன்னொருவனைத் தேடுகிறார்களாம்.

அக்கா வீட்டு மாவில் உளுந்து கம்மி. இட்லி கல்லாக இருக்கிறது. சொன்னால் கோபப்படுவாள்.

மே 26, திங்கள்

இன்று காலையில் அவர் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. அத்தான் கேட்டைத் திறக்க மாட்டேன் என்றார். நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிக் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அக்கா கதவோரம் நின்றாள்.

"வீட்டுக்கு வா வடிவு" என்றார். "சோறு திங்க முடியல. சுகன்யாவும் இன்னும் வரல."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது.

"தம்பிக்கு ஜாமீன் எடுக்கணும். நீ வந்து, கோவத்துல சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு வக்கீல் சொல்லுதாரு."

நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நெருங்கி நின்றதால் அவருடைய வேட்டியின் சோப்பு வாசம் வந்தது. நான் கிளம்பும்போது வைத்துவிட்டு வந்த சோப்பு.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அடுப்படிக்கு வந்து, பிள்ளை வேண்டாம்னு சொன்னீங்களே. எனக்கு விளங்கணும்னுதானே சொன்னீங்க? நான் அவங்களைத் தடுக்கணும்னுதானே?"

அவர் என்னைப் பார்த்தார். இந்த இரண்டு மாதத்தில் அவர் என் கண்ணைப் பார்த்தது அப்போதுதான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் கேட்டுக்குப் பக்கத்தில் வந்தேன். பொய்யாகச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

"இல்ல" என்றார். "அந்தப் பிள்ளை என்ன பாவம் செஞ்சுது? அதுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதான் சொன்னேன்."

"அப்ப மதி?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எந்த ஒளிவுமறைவும் இல்லை அவர் முகத்தில். கேட்டதற்குச் சரியான பதில் சொல்லிவிட்ட மனிதரைப்போல நின்றார்.

நான் உள்ளே வந்தேன். அவர் வெகுநேரம் கேட்டில் நின்றுவிட்டுப் போனதாக அக்கா சொன்னாள்.

மே 27, செவ்வாய்

தலைக்குக் குளித்தேன். அக்காவின் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். அவள் கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று தனியாகவே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பார்த்ததும், "என்னம்மா, வாபஸ் வாங்க வந்தீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் வந்து போனது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"இல்லம்மா. அன்னிக்கு என் வீட்டுக்காரருக்குத் தெரியுமான்னு கேட்டீங்க."

"ஆமா. தெரியாதுன்னு சொன்னீங்க."

"தெரியும்" என்றேன்.

அவர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன்.